நண்பனுக்கு மட்டும் ஏன் வளையம் இல்லை?

ஸ்காட்லாந்து போய்வந்த வாசகர் ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். பென் நெவிஸ் மலையில் எடுத்தது. கீழே மூடுபனியில் அவருடைய நிழல் பூதம் போல விழுந்திருக்கிறது. தலையைச் சுற்றி வண்ண வளையம். "பக்கத்தில் நின்ற நண்பனுக்கு வளையம் இல்லை. அம்மா தெய்வ அருள் என்கிறார். நிஜமா?" என்று கேட்கிறார்.

அந்த நண்பரையும் கேட்டுப் பாருங்கள். வளையம் தனக்குத்தான் இருந்தது, உங்களுக்கு இல்லை என்று சத்தியம் செய்வார்!

அவர்கள் போன பாதை லேசானதல்ல. முதலில் கார்ன் மோர் ஜெரக், 1,220 மீட்டர். அங்கிருந்து வில்லாக வளையும் பாறை முகட்டில் சில இடங்களில் கையையும் ஊன்றி நடந்து, கடைசியில் கற்குவியல்மேல் சுமார் 300 மீட்டர் ஏறினால் பென் நெவிஸ், 1,345 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயரம் கிடையாது. முதுகுப்பக்கம் தாழ்ந்த வெயில், எதிரே பள்ளத்தில் பனிமூட்டம் என்று அமைந்துவிட்டால் வளையம் தெரியும்.

பூத நிழல் வெறும் கண்மயக்கு. அருகில் உள்ள பனியில் விழும் நிழலைத் தூரத்தில் இருப்பதாக நினைத்துப் பெரிதாக்கிக்கொள்கிறோம். வளையம்தான் விஷயம். வானவில்லை உண்டாக்கும் மழைத்துளி பெரியது. மூடுபனித் துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். இவ்வளவு சிறிய துளியிடம் ஒளி அலையாகவே நடந்துகொள்கிறது. துளியின் விளிம்பை உரசும் ஒளி, ஏன், தொடாமல் சற்றுத் தள்ளிப் போகும் ஒளிகூட உள்ளே நுழைந்து, சுற்றி, வந்த திசைக்கே திரும்புகிறது! விளிம்பு முழுவதிலிருந்தும் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் கூடி வலுக்கின்றன, இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கின்றன. அந்த இடம் நிறத்துக்கு நிறம் மாறுவதால் வளையங்கள், சிவப்பு வெளியே. ஒளி சூரியனை நோக்கியே திரும்புவதால், அது வந்து சேரும் கண் உங்களுடையது என்றால் வளையமும் உங்கள் தலைக்குத்தான். விமானத்தில் நிழல் விழும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தால் மேகத்தின்மேல் இதையே பார்க்கலாம்.

1894 செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் வேலை பார்த்தார். வளையத்தைப் பார்த்துச் சொக்கிப்போய், கேம்பிரிட்ஜ் திரும்பியதும் கண்ணாடிக் கலத்தில் ஈரக்காற்றைச் சட்டென விரியவிட்டுச் செயற்கை மேகம் செய்தார். தூசியை நீக்கிய பிறகும், போதிய அளவு விரியவிட்டால் துளிகள் உருவாயின. மின்னேற்றம் பெற்ற அயனிகளும் துளிக்குக் கருவாகும் என்று பிறகு தெரிந்தது. மின்னேற்றம் கொண்ட நுண்துகள் போகும் வழியெங்கும் அயனிகளை விட்டுச் செல்லும்; அவற்றின்மேல் துளிகள் படியும். இப்படி 1911இல் ஒற்றைத் துகள் கடந்த தடமே வெள்ளைக் கோடாகப் படத்தில் விழுந்தது. அதுதான் முகில் அறை. 1927இல் நோபல் பரிசு.

அந்த வானிலை நிலையத்தை 1904இல் பணமில்லை என்று மூடிவிட்டார்கள். "மலைமேல் உட்கார்ந்து மேகம் பார்ப்பதால் என்ன லாபம்?" என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இன்னொரு மலையும் வில்சனைச் சும்மா விடவில்லை. 1895 ஜூனில் கார்ன் மோர் ஜெரக் உச்சியில் நின்றபோது இடி முழங்கியது. தலைமுடி குத்திட்டு நின்றது. மேகத்தின் மின்புலம் காலடிப் பாறைவரை எட்டிவிட்டதன் அடையாளம் அது. ஆராய நிற்கவில்லை, சரளைச் சரிவில் ஓட்டமாய் இறங்கிவிட்டார். சற்று நேரத்தில் பளீரென்று மின்னல். வளிமண்டல மின்சாரத்தின்மேல் அவருக்கிருந்த ஆர்வம் கடைசிவரை குறையவில்லை.

ஆக, வாசகரே, அடுத்த முறை போகும்போது வளையம் தெரிந்தால் நிதானமாகப் படம் எடுங்கள். முடி நட்டுக்கொண்டால் படமெல்லாம் வேண்டாம், ஓடுங்கள்.