பணியாளர் பிள்ளைகள் முன்னுரிமை: ஏன் அது ஒதுக்கீடு அல்ல

அமெரிக்காவில், அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளில் இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் லாட்டரி நடத்தித்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். ஆனால் அதே பள்ளியில் வேலை பார்ப்பவரின் பிள்ளைக்குப் பல மாநிலங்களில் 'ப்ரிஃபரன்ஸ்' உண்டு. இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'ஊழியர் வாரிசு ஒதுக்கீடு' என்றுதான் முதலில் கைக்கு வரும். அந்த மூன்று சொல்லில் பின்னிரண்டும் பொருந்தாது.

முதலில் சார்ட்டர். பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'கார்ட்டா' ஆனது. பிறகு, மன்னர் ஒருவருக்கு உரிமை கொடுத்து எழுதித்தரும் ஆவணத்துக்குப் பெயரானது. 1215இன் மாக்னா கார்ட்டாவிலும் இருப்பது இதே சொல்தான். பள்ளிக்கூடத்தோடு இது ஒட்டிக்கொண்டது நேற்று முந்தாநாள்தான். ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் 1988இல் இந்த யோசனையைக் கையிலெடுத்தார். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. அரசுப் பணத்தில், கட்டணம் இல்லாமல், தனி நிர்வாகத்தின் கீழ் நடக்கும் பள்ளி இது. 'இன்னின்னதைச் செய்து காட்டுவேன்' என்று எழுதிக்கொடுத்து வாங்கும் அனுமதிதான் சார்ட்டர்.

நம் மொழியில் இதற்கு நேரான சொல் பட்டயம். செப்புப் பட்டயம், பட்டயக் கணக்காளர் என்று வழக்கும் இருக்கிறது. ஆனால் 'பட்டயப் பள்ளி' என்றால் டிப்ளமோ கொடுக்கும் பாலிடெக்னிக் போலக் காதில் விழுகிறது. சாசனம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை, வேறொன்று உண்டு. நம் சாசனங்கள் சந்திரன் சூரியன் உள்ளவரை செல்லும் என்று எழுதப்பட்டவை. நியூயார்க்கில் ஒரு சார்ட்டரின் ஆயுள் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள். சொன்னதைச் செய்யாவிட்டால் புதுப்பிக்க மாட்டார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமென்றால் என் ஓட்டு சாசனப் பள்ளிக்கு. அன்றாடப் பேச்சுக்குச் சார்ட்டர் பள்ளியே போதும்.

லாட்டரிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். பங்கு பிரிக்க எறிந்த மரத்துண்டைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து கிளைத்தது அது. தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட பரிசுச் சீட்டின் வாடை அதில் இன்னும் போகவில்லை. குலுக்கல் என்றே எழுதலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் இடம் கொடுக்கும்போதும் நாம் சொல்வது குலுக்கல்தான். சோழர் காலக் குடவோலையும் நினைவுக்கு வரும். உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, கணக்குக் காட்டாத வாரிய உறுப்பினரின் உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. அங்கே உறவு ஆளை வெளியே நிறுத்தியது, இங்கே வரிசையின் முன்னால் கொண்டுவருகிறது.

இனி முக்கியமான சொல். 'ப்ரிஃபரன்ஸ்' என்பதன் லத்தீன் வேருக்கு 'முன்னே கொண்டு வைத்தல்' என்று பொருள். முன்னுரிமை என்ற தமிழ்ச் சொல் அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ஒதுக்கீடு அப்படியல்ல. ஒதுக்கீடு என்றால் இத்தனை இடத்தைப் பிரித்து வைத்து, அதற்குரியவர்களைக் கொண்டு நிரப்புவது. நியூயார்க் சட்டத்தில் பணியாளர் பிள்ளைகளுக்கு 15 விழுக்காடு என்று ஓர் எண் இருப்பதால் ஒதுக்கீடு என்று எழுதத் தோன்றும். அது உச்சவரம்பு. பள்ளியின் மொத்த மாணவரில் அவர்கள் அதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். 400 பேர் படிக்கும் பள்ளியில் வரம்பு 60 பேர். ஏழு பணியாளர் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால் மிச்சம் 53 இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு யாரும் காத்திருப்பதில்லை. அவை மற்றவர்களுக்குத்தான்.

கூட்டரசின் சார்ட்டர் நிதி பெறும் பள்ளிகளுக்குக் கல்வித் துறை தந்த வழிகாட்டுதல் இன்னும் ஒருபடி போகிறது. நிறுவனர், ஆசிரியர், பணியாளர் ஆகியோரின் பிள்ளைகளைக் குலுக்கலில் சேர்க்காமலே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மொத்தச் சேர்க்கையில் அவர்கள் சிறு பங்காகவே இருக்க வேண்டும். இதற்குக் 'குலுக்கல் விலக்கு' என்பதே சரியான பெயர். முன்னுரிமையில் வரிசை மாறுகிறது. விலக்கில் வரிசையில் நிற்கவே வேண்டாம். படிக்கிற பிள்ளையின் உடன்பிறந்தவருக்கும் இதே போன்ற இடம் உண்டு, அதில் யாருக்கும் பெரிய சச்சரவு இல்லை.

பணியாளர் பிள்ளை என்றால்தான் முணுமுணுப்பு. வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு மட்டும் ஏன் தனி வாசல் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்ல ஆசிரியர் நிலைக்க வேண்டும், காலையில் தன் பிள்ளையை வேறொரு திசையில் விட்டுவிட்டு ஓடி வரக்கூடாது என்பது மறுபக்கம். எனக்கு இரண்டாவது வாதம் ஆசிரியர், சமையலர், அலுவலக உதவியாளர் வரை ஒத்துக்கொள்ள முடிகிறது. நிறுவனர், நிர்வாகக் குழு என்று நீளும்போது இடிக்கிறது. ஃப்ளோரிடா சட்டம் நிர்வாகக் குழு உறுப்பினரின் பிள்ளைக்கும் முன்னுரிமை தர அனுமதிக்கிறது. கலிஃபோர்னியாவில் நிறுவனர் என்றால் முதல் சாசனத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் மட்டும். நாளைக்கு யாரையாவது 'நிறுவனர்' என்று சேர்த்துக்கொள்ள வழியில்லை. எந்த முன்னுரிமையானாலும் அங்கே சாசனம் வழங்கும் அமைப்பு பொது விசாரணையில் ஒப்புதல் தந்தாக வேண்டும்.

வாரிசு என்ற சொல்லைக் கைவிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வாரிசுக்குச் சொத்து இறங்கும்; இந்தப் பிள்ளைக்கு இறங்குவது ஒன்றுமில்லை, அம்மாவோ அப்பாவோ அங்கே வேலையில் இருப்பதால் வரும் சலுகை இது. 'ஆசிரியர் பிள்ளைகள்' என்று சுருக்கினாலும் தப்பு, சமையலறைக்காரர் விட்டுப்போவார். நியூயார்க் பள்ளியைப் பற்றிச் செய்தியாக எழுதினால் இப்படிப் போகும்: 'குலுக்கலில் பணியாளர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு, மொத்த மாணவரில் அவர்கள் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.'