சிலிண்டரைச் சாய்க்காதீர்கள், தீயைக் குறையுங்கள்

இந்த வாரம் இது மூன்றாவது வீடு. தீரப்போகிற சிலிண்டரைத் தரையில் படுக்கவைத்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள். தீ முகம் வரை எழும்பியிருக்கிறது. நல்லவேளை, புருவம் பொசுங்கியதோடு போயிற்று. அடுப்பும் ரெகுலேட்டரும் பழுதுபார்ப்பது என் தொழில். கேஸ் தட்டுப்பாடு வந்தாலே இப்படித்தான் அழைப்புகள் வருகின்றன.

"ஆட்டினா உள்ளே சத்தம் கேக்குதே" என்கிறார்கள். கேட்கும், உள்ளே இருப்பது திரவம். நிமிர்ந்த சிலிண்டரில் அதன் மேலே நிற்கும் ஆவிதான் வால்வு வழியாக வரவேண்டும். படுக்கவைத்தால் திரவமே டியூபுக்குள் இறங்கும். அது ஆவியாகும்போது சுமார் 250 மடங்கு விரியும். சுடுதண்ணீரில் நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம்.

இரவல் வாங்கிய சிலிண்டரை மாட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா உடனே உலை வைத்தார். மூடி இல்லை, தீ முழு வேகம். தளதளவென்று கொதித்த பிறகும் தீயைக் குறைக்கவில்லை. கேட்டதற்கு, "சீக்கிரம் வெந்தா கேஸ் மிச்சம்தானே தம்பி?" என்றார்.

இதைத்தான் வீடு வீடாகச் சொல்லி அலுத்துப்போனேன். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. கொதி வந்துவிட்டால் தீயை எவ்வளவு தூக்கினாலும் அதே 100 டிகிரிதான். தானியமோ கிழங்கோ வேகிற நேரம் மாறாது, ஆவிதான் கூடுதலாகக் கிளம்பும். அந்த ஆவிக்குச் செலவாகும் வெப்பம் கொஞ்சமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல் ஆறு மடங்குக்கும் மேல், அதே தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக ஆகும். சமையலறையில் புகையாகப் பறக்கிறதே, அதெல்லாம் உங்கள் கேஸ். கொதிக்கும்வரை மூடி போட்டு நல்ல தீ, கொதித்ததும் சிம். இவ்வளவுதான். தண்ணீரையும் அளந்து ஊற்றுங்கள், வடித்துக் கொட்டும் தண்ணீரைச் சூடாக்கவும் கேஸ் செலவாகிறது.

குக்கரில் அழுத்தத்தால் சுமார் 120 டிகிரி வரை போகும், அதனால்தான் நேரம் குறைகிறது. அதிலும் அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைக்க வேண்டும். பயறு வகைகளை முதல் நாளே ஊறப்போடுங்கள். தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது.

பாத்திரம் கரி பிடிக்கிறதா, தீ மஞ்சளாக எரிகிறதா? பர்னர் துளைகளை உடனே சுத்தம் செய்யுங்கள். பர்னருக்குக் கேஸ் விடும் சிறு முனையான ஜெட்டின் துளையில் மட்டும் ஊசி விட்டுக் குடையாதீர்கள், அது பெரிதானால் கேஸ் கூடுதலாகத்தான் குடிக்கும். குடைந்து கெடுத்த ஜெட்டுகளை எத்தனை மாற்றியிருக்கிறேன் தெரியுமா!

மின் அடுப்பு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் 2000 வாட் அடுப்பை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீர்கள், வயர் உருகிவிடும்.

அப்புறம், காற்று தீயை அலைக்கிறது என்று எல்லா ஜன்னலையும் அடைத்துவிடாதீர்கள், அடுப்பைத் தள்ளி வையுங்கள். கேஸ் இல்லையென்று கரி அடுப்பை அறைக்குள் மூட்டவும் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தணல் அவிந்த மாதிரி தெரிந்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். குழந்தைகள் படுக்கிற இடத்தில், தயவுசெய்து, ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள்.