மூன்றே கோல் அடித்தவரை ஏன் அழைத்துச் சென்றார்கள்?

2010 உலகக் கோப்பைக்கான ஜெர்மனி அணியில் இரண்டு முன்கள வீரர்களின் பெயர்கள் அருகருகே இருந்தன. பேயர் லெவர்குசன் அணியின் ஷ்டெஃபான் கீஸ்லிங் அந்தப் பருவத்தின் பண்டஸ்லிகா லீக்கில் 21 கோல்கள் அடித்திருந்தார். பேயர்ன் மியூனிக் அணியின் மிரோஸ்லாவ் குளோசே 25 ஆட்டங்களில் களமிறங்கி அடித்தவை 3 கோல்கள் மட்டுமே. போட்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு 32 வயது நிறைந்தது. ஆனாலும் பயிற்சியாளர் யோவாகிம் லோவ் முதல் ஆட்டத்தில் முன்களத்தில் நிறுத்தியது குளோசேயைத்தான். கீஸ்லிங்குக்கு அந்தத் தொடர் முழுவதிலும் மாற்று வீரராகச் சில நிமிடங்களே கிடைத்தன.

இதைப் பயிற்சியாளரின் பிடிவாதம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் ஒரு முன்கள வீரரின் கோல் எண்ணிக்கை அவரைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், லோவின் முடிவு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

கால்பந்தில் கோல் என்பது அரிதான நிகழ்வு. கோலை நோக்கி உதைக்கப்படும் பந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் வலைக்குள் செல்கிறது. இப்படி அரிதாகவும், ஒன்றையொன்று பெரிதாகச் சாராமலும் நடக்கும் நிகழ்வுகளைக் கணிக்கப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்ற கருவி உண்டு. சராசரியாக ஆட்டத்துக்கு 0.5 கோல், அதாவது இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு கோல் அடிக்கும் திறமையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம்; சர்வதேசக் கால்பந்தில் இது மிக உயர்ந்த தரம். இவர் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காமல் போவதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 8 விழுக்காடு. நீண்ட லீக் பருவம் ஒன்றில் அத்தகைய வறட்சி எங்காவது ஓரிடத்தில் தலைகாட்டினால் வியக்க ஒன்றுமில்லை. காலில் எந்தக் கோளாறும் இல்லாமல், மனத்தில் எந்தத் தளர்ச்சியும் இல்லாமல், வெறும் தற்செயலாகவே அது நேரக்கூடும். பத்திரிகைகளோ அதற்குள் நூறு காரணங்களைக் கண்டுபிடித்துவிடும்.

அதே வீரரை ஏழு ஆட்டங்கள் கொண்ட உலகக் கோப்பைக்கு அனுப்பினால் அவரிடமிருந்து எதிர்பார்க்கக்கூடிய சராசரி 3.5 கோல்கள். இந்தச் சராசரியைச் சுற்றியுள்ள சிதறல்தான் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட கோல்கள் அடிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. ஒரு கோலோடு நின்றுவிடவோ, ஒன்றுமே அடிக்காமல் திரும்பவோ உள்ள வாய்ப்பும் ஏறத்தாழ அதே 14 விழுக்காடு. 1978 முதல் 1998 வரை நடந்த ஆறு உலகக் கோப்பைகளிலும் அதிகக் கோல் அடித்தவரின் எண்ணிக்கை சரியாக ஆறாகவே இருந்தது என்பதை நினைவில் கொண்டால் இதன் பொருள் விளங்கும். ஒரே வீரர், ஒரே திறமை. அதிகக் கோல் அடித்தவருக்குரிய தங்கக் காலணியோடு வருவாரா, வசவோடு வருவாரா என்பது ஏறக்குறைய சமவாய்ப்பாக இருக்கிறது. 2026 முதல் 48 அணிகள் மோதுவதால் இறுதிவரை செல்லும் அணிக்கு எட்டு ஆட்டங்கள் கிடைக்கின்றன. அந்த ஓர் ஆட்டம் கூடியதால் சிதறல் பெரிதாகக் குறைந்துவிடாது.

கோலை எண்ணுவது போதாதென்றால் எதை எண்ணுவது? கோல் விழுவதற்கு முந்தைய படியான வாய்ப்பை எண்ண வேண்டும் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் விடை. ஆயிரக்கணக்கான பழைய ஆட்டங்களின் பதிவுகளிலிருந்து, எந்த இடத்திலிருந்து எந்த வகையில் உதைக்கப்பட்ட பந்துகள் எவ்வளவு முறை கோலாகின என்று கணக்கிட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஒரு மதிப்பு தருகிறார்கள். இதற்கு எதிர்பார்ப்பு கோல் என்று பெயர். பெனால்டி ஒன்றின் மதிப்பு 0.75-க்குச் சற்று மேலே நிற்கிறது. ஒரே இடத்திலிருந்து காலால் உதைப்பதைவிடத் தலையால் முட்டுவதற்கு மதிப்பு குறைவு.

இந்த மதிப்பின் பெரும்பகுதி பள்ளிக்கூட வடிவியல்தான். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள அகலம் 7.32 மீட்டர். கோலுக்கு நேர் எதிரே 22 மீட்டரில் நிற்பவரின் கண்ணுக்கு அந்த அகலம் ஏறத்தாழ 19 பாகைக் கோணமாகத் தெரியும். பெனால்டி புள்ளியான 11 மீட்டருக்கு வந்தால் அது 37 பாகையாகவும், 5.5 மீட்டருக்கு வந்தால் 67 பாகையாகவும் விரிகிறது. ஆனால் அதே 11 மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டு பக்கவாட்டில் 11 மீட்டர் விலகினால் கோணம் மறுபடி 19 பாகைக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே நல்ல முன்கள வீரர் என்பவர் கடினமான கோணத்திலிருந்து அற்புதமாக உதைப்பவர் என்பதைவிட, கோணம் அகன்றிருக்கும் இடத்துக்குத் தடுப்பாட்டக்காரருக்கு அரை நொடி முன்னதாக வந்து சேருபவர் என்று சொல்வதே பொருத்தம். உதைக்கும் துல்லியத்தில் முதல்தர வீரர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, நல்ல இடங்களை எத்தனை முறை எட்டுகிறார்கள் என்பதில் உள்ள வேறுபாடு பெரிது. பருவத்துக்குப் பருவம் நிலைத்திருப்பதும் அதுவே.

குளோசே இந்த வரையறைக்கு அச்சாகப் பொருந்துபவர். போலந்தின் ஓபோலேயில் பிறந்து, தச்சுத் தொழில் பயின்று, இருபது வயதுவரை ஜெர்மனியின் ஏழாம் அடுக்கு லீக்கில் விளையாடியவர் அவர். 2002 உலகக் கோப்பையில் அவர் அடித்த ஐந்து கோல்களும் தலையால் முட்டியவை. உலகக் கோப்பைகளில் அவர் அடித்த கோல்கள் அனைத்தும் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து வந்தவை. அவற்றில் பெனால்டி உதை ஒன்றுகூட இல்லை. பின்னது முக்கியம், ஏனெனில் பெனால்டிகள் ஒருவரின் எண்ணிக்கையை எளிதில் ஊதிப் பெரிதாக்கிவிடும். 2018-இல் ஹாரி கேன் ஆறு கோல்களுடன் தங்கக் காலணி வென்றபோது அவற்றில் மூன்று பெனால்டிகள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை; அடுத்த தொடருக்குக் கணிக்கும்போது அவற்றைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என்பதே செய்தி.

இனி அந்த மூன்று கோல்களுக்கு வருவோம். பேயர்ன் அணியில் அந்தப் பருவத்தில் குளோசே பல ஆட்டங்களில் மாற்று வீரராகவே இறங்கினார். ஒரு பேச்சுக்கு, நம்முடைய 0.5 வீரருக்குப் பருவம் முழுவதிலும் பன்னிரண்டு முழு ஆட்டங்களுக்குச் சமமான நேரமே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அவர் மூன்றோ அதற்குக் குறைவாகவோ கோல் அடிப்பதற்கான வாய்ப்பு 15 விழுக்காடு, அதாவது ஏழில் ஒன்று. மூன்று கோல் என்ற எண் அவர் தேய்ந்துவிட்டார் என்பதற்குச் சான்றாகாது. மிகச் சிறிய மாதிரியிலிருந்து கிடைத்த மங்கலான செய்தி, அவ்வளவே. லோவின் கையிலோ வேறொரு மாதிரி இருந்தது. அந்த உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் குளோசே ஏழு கோல்கள் அடித்திருந்தார். மாஸ்கோவில் ரஷ்யாவை 1-0 என்று வென்று தகுதியை உறுதிசெய்த கோலும் அவருடையதே. பந்து தருபவர்கள் யார், எந்த உயரத்தில் தருவார்கள் என்பதும் கணக்கின் பகுதி. தேசிய அணிக்குப் பயிற்சி நாள்கள் குறைவு என்பதால், ஏற்கெனவே பழகிய ஓட்டப் பாதைகளுக்குக் கிளப் கால்பந்தில் உள்ளதைவிட மதிப்பு அதிகம்.

உடல் என்னும் மாறி மட்டும் இந்தக் கணக்குகளுக்கு எளிதில் அடங்குவதில்லை. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடைப் பின்தசை நீண்டுகொண்டே விசையும் செலுத்த வேண்டியிருக்கிறது. கிழிசல் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் நேர்கிறது. ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகளில் ஏற்பட்ட காயங்களில் இந்தத் தசைக் காயங்களின் பங்கு 2001-02 பருவத்தில் 12 விழுக்காடாக இருந்து, 2021-22 பருவத்தில் 24 விழுக்காடாக உயர்ந்தது. ஒருமுறை கிழிந்த தசை மறுமுறை கிழியும் ஆபத்தும் அதிகம். கடினமான ஓர் ஆட்டத்துக்குப் பின் தசையின் வலிமை முழுதாகத் திரும்ப மூன்று நாள்வரை ஆகலாம். எனவே லீக்கில் குறைவாக விளையாடியவர் கோடையில் புத்துணர்ச்சியோடு வரக்கூடும். குளோசேக்கும் இது உதவியிருக்கும் என்பது என் ஊகம். முன்கள வீரர்களின் உச்சம் இருபதுகளின் நடுப்பகுதியை ஒட்டி அமைகிறது, ஏனெனில் வெடிப்பு வேகம் தரும் வேகத் தசையிழைகளே வயதில் முதலில் தளர்கின்றன. வேகத்தை நம்பி வாழ்ந்தவர் முப்பதில் தடுமாற, இடத்தை நம்பி வாழ்ந்தவர் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறார்.

2010-இல் குளோசே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஒன்று, இங்கிலாந்துக்கு எதிராக ஒன்று, தம் நூறாவது சர்வதேச ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இரண்டு என நான்கு கோல்கள் அடித்தார். லீக் பருவம் முழுவதிலும் அடித்ததைவிட ஒன்று அதிகம். இதையே கணக்கின் வெற்றி என்று கொண்டாடுவதும் தவறு. நான்கு கோல்களும் சிறிய மாதிரிதான். 1982-இல் இத்தாலியின் பாவ்லோ ரோஸி இரண்டாண்டுத் தடை முடிந்து மூன்றே லீக் ஆட்டங்களோடு உலகக் கோப்பைக்காக ஸ்பெயினுக்குச் சென்றார்; முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை, அடுத்த மூன்றில் ஆறு. எந்தக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

2014 உலகக் கோப்பையில், 36 வயதில், குளோசே மறுபடி அணியில் இருந்தார். ஃபோர்தலேசாவில் கானாவிடம் ஜெர்மனி 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது 69-ஆம் நிமிடத்தில் அவரை இறக்கினார்கள். 71-ஆம் நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்து ஒரு தலையில் பட்டுத் திரும்பித் தூரக் கம்பத்தருகே விழுந்தது. கோணம் மிக அகன்றிருந்த அந்த இடத்தில் அவர் ஏற்கெனவே காலை நீட்டிக்கொண்டிருந்தார்.