சுண்ணாம்பு கேட்கும் யட்சி

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "கொல்ல வந்தவனையே நாயகி காதலிக்கிற இருண்ட மாயக்கதைகளை ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிக்கிறேன். நேரில் அப்படி ஒருத்தன் வந்தால் செருப்பால் அடிப்பேன். கதையில் மட்டும் நெஞ்சு படபடக்கிறது. எனக்குப் பிராந்தா அக்கா?"

இல்லை. ஆண்களை மயக்கிக் கொல்லும் யட்சியான கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்த குமரி மாவட்டம் இது. பாலைமரத்தடி, பூ மணம், தனியாக வருகிறவனிடம் சுண்ணாம்பு கேட்கும் அழகி. விடிந்தால் பல்லும் நகமும் முடியும்தான் மிச்சம். யட்சிக் கதைகளைக் கேட்டவன்தான் அவனும். ஆனாலும் நின்று சுண்ணாம்பு கொடுக்கிறானே!

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வியர்க்கும். பள்ளியில் படித்ததுதான். பிடித்த ஆளைப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கூத்துதான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. மனசு நொடியில் மாறிவிடும். உடம்பு அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். ஆபத்து போயாச்சு, நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. ஏன் அடிக்கிறது என்று காரணம் தேடுகிற மூளை, எதிரில் நிற்கிறவர் தலையில் அதைக் கட்டிவிடுகிறது.

1974-ல் டட்டன், ஆரன் என்ற இருவர் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் இதைச் சோதித்தார்கள். 70 மீட்டர் உயரம், நடந்தால் ஆடும். அங்கே வந்த ஆண்களிடம் ஒரு பெண் படமொன்றைக் காட்டிச் சின்னக் கதை எழுதச் சொல்லி, போன் நம்பரும் கொடுத்தார். நம்பர் வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். ஆடாத, உயரம் குறைந்த பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். தைரியசாலிகள்தான் தொங்குபாலத்துக்கே வருவார்கள், அவர்கள் அழைக்கத்தானே செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதனால் மறுபடி செய்தார்கள். இம்முறை இரு கூட்டமும் அதே தொங்குபாலத்துக்கு வந்தவர்கள். ஒரு கூட்டத்தை மட்டும் பாலத்தைத் தாண்டிப் பத்து நிமிடமாவது ஆனபிறகு சந்தித்தார்கள். பாலத்தில் வைத்துச் சந்தித்த 20 பேரில் 13 அழைப்பு. ஆறிப்போன 23 பேரில் 7. நடுவில் போனது பத்து நிமிடம்!

மொத்தச் செலவு ஒரு படம், ஒரு போன் நம்பர். நம் மாத்தூர் தொட்டிப்பாலமும் 115 அடி உயரத்தில் சும்மாதான் நிற்கிறது. இப்படி ஓர் ஆய்வுக்கு இங்கே நிதி கேட்டால் சிரிப்பார்கள். யட்சியை ஓட்டுகிறவருக்குக் கொடுக்க மட்டும் பணம் எங்கிருந்தோ வந்துவிடும்.

சரி, பயமுறுத்தினால் காதல் வந்துவிடுமா? நாயகியைத் துரத்தும் சினிமா நாயகர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். 1981-ல் வேறொரு சோதனையில், ஓடி மூச்சு வாங்கிய ஆண்களிடம் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். அவள் அழகாக ஒப்பனை செய்திருந்தால், அதிகம் ஓடாதவர்களைவிட இவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்தது. அதே பெண் அவலட்சணமாக ஒப்பனை செய்து வந்தபோது கூடுதலாகப் பிடிக்காமல் போனது. படபடப்பு, இருப்பதைத்தான் பெருக்கும். புத்தகத்தை மூடினால் கொலைகாரன் காணாமல் போவான் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் ரசிப்பு பெருகுகிறது. நேரில் வந்தால் பெருகப்போவது செருப்பு நினைப்பு.

அடுத்த முறை கழுத்தில் கத்தி வைக்கிற இடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு கட்டன்சாயா போட்டு நிதானமாகக் குடியுங்கள். அப்புறம் முத்தக் காட்சியைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.