பேஷண்ட் நேவிகேட்டர்: வழிகாட்டியா, வழித்துணையா?

அமெரிக்க மருத்துவமனைகளில் 'பேஷண்ட் நேவிகேட்டர்' என்றொரு பணி உண்டு. பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்த நாளிலிருந்து சிகிச்சை முடியும்வரை, நோயாளி நடுவழியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்பவர் அவர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைப் பெண்கள் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வந்து சேர்வதைக் கண்ட அறுவை மருத்துவர் ஹெரால்டு ஃப்ரீமன், 1990இல் இதைத் தொடங்கிவைத்தார். 2005இல் இதற்கெனச் சட்டமே வந்தது.

'நேவிகேட்டர்' என்ற சொல்லின் வேர் லத்தீன். 'நாவிஸ்' என்றால் கப்பல். 'அகெரே' என்றால் ஓட்டுதல். புறநானூற்றின் 66ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோரைப் புகழும்போது 'நாவாய் ஓட்டி' என்கிறார். சொல்லுக்குச் சொல் அதே பொருள்! நாவாய்க்கும் நாவிஸுக்கும் என்ன உறவு என்பது தீராத வழக்கு. அதில் நாம் இறங்க வேண்டாம்.

இந்தப் பணி ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் வாழும் ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்ட) பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிட அதிகம். இத்தனைக்கும் இது மெல்ல வளரும் நோய். கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையில் செல்மாற்றம் தென்பட்டாலும் அது புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அடுத்த பரிசோதனையான, கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்குப் போய்விட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். போவதில்தான் சிக்கல். முடிவு ஆங்கிலக் கடிதமாக வருகிறது, மருத்துவமனையோ வேறு ஊரில், ஒரு நாள் கூலி போகும், காப்பீடு இல்லை, குடியுரிமைத் தாள்களைக் கேட்பார்களோ என்ற பயம் வேறு. 'உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்று கடிதம் அலமாரிக்குப் போய்விடுகிறது.

இங்கேதான் நேவிகேட்டர் வருகிறார். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் பார்த்து ஸ்பானிய மொழியில் பேசுகிறார். கால்போஸ்கோபியின்போது, வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவுவார்கள், மாறிய இடம் வெளுத்துத் தெரியும், தேவையானால் அங்கிருந்து துளி சதை எடுப்பார்கள் என்று விளக்குகிறார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், வண்டிக்கு என்ன வழி என்று கேட்கிறார். ஸ்பானிய மொழி பேசும் பகுதிகளில் இந்த வேலையைப் பல இடங்களில் 'ப்ரொமோதோரா' எனப்படும் உள்ளூர்ப் பெண்களே செய்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரி சொன்னால் எடுபடும், அவ்வளவுதான்.

தமிழில் என்ன சொல்வது? 'நோயாளி வழிகாட்டி' என்று எழுதலாம். எனக்கு அதில் நிறைவில்லை. வழிகாட்டி கையை நீட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுகொள்ளலாம். இவரோ கூடவே நடப்பவர். வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தில் ஈசனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். அந்தச் சொல் நமக்கு ஆயத்தமாகவே இருக்கிறது: ஆளை 'வழித்துணையர்' என்றும், பணியை 'நோயாளி வழித்துணை' என்றும் சொல்லலாம். காரிலும் கைபேசியிலும் இருக்கும் நேவிகேட்டருக்கு வழிகாட்டி என்ற பெயரே போதும்.