வலி தீர்வது வேறு, தசைநாண் ஆறுவது வேறு: தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் எடைப் பயிற்சி

தோளில் அறுந்துபோன தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கற்றையை) அறுவை சிகிச்சையில் தைத்து எலும்போடு பொருத்திக்கொண்ட ஒருவர் மீண்டும் எடை தூக்கத் திரும்பும் வழியில், மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் முதல் சில நாட்களையே சொல்வார்கள். கடுமையாக வலிக்கும் அந்த நாட்களில் கை தானாகவே அடங்கிக் கிடக்கும். டம்பெல்லைத் தொட எவருக்கும் தோன்றாது. உண்மையில் சிக்கலான காலம், இரண்டாம் மாதத்தின் பிற்பாதியில் தொடங்கி நான்காம் மாதம் வரை நீள்வது. அப்போது கையைத் தாங்கும் ஸ்லிங் பட்டை கழற்றப்பட்டிருக்கும். இரவில் ஓரளவு தூங்க முடியும். கை தோள் மட்டம்வரை உயரத் தொடங்கியிருக்கும். வலியும் பெருமளவு ஓய்ந்திருக்கும். ஆனால் உள்ளே தைத்த இடம், அன்றாட வேலைகளுக்கே அப்போதுதான் மெல்லத் தயாராகிக்கொண்டிருக்கும். நாம் உணர்வதற்கும் உள்ளே நடப்பதற்கும் இடையிலான இந்த இடைவெளிதான், மருத்துவர்கள் விதிக்கும் காலக்கெடு ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில்.

உடலின் பெரிய மூட்டுகளில் மிக அதிகமாக அசையக்கூடியது தோள். மிக எளிதில் நழுவக்கூடியதும் அதுவே. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில், சிறு தட்டின்மேல் பெரிய பந்தை நிறுத்தியதுபோல அமர்ந்திருக்கிறது. அது உருண்டுவிடாமல் இருப்பதற்கு எலும்பின் வடிவத்தைவிடச் சுற்றியுள்ள மென்திசுக்களே முதன்மையான காரணம். குழியின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்ற நார்க்குருத்து வளையமும், மூட்டைப் போர்த்திய உறையும், அதன்மேல் ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு தசைகளின் தசைநாண்களும் இருக்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் என்பன அந்த நான்கு. கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது கண்ணில் படுவது வெளியே இருக்கும் டெல்டாய்டு தசைதான். ஆனால் டெல்டாய்டு கையை உயர்த்தும்போது எலும்புத் தலையையும் சேர்த்து மேலே இழுக்கிறது. அதே நொடியில் கஃப் தசைகள் அந்தத் தலையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்து நிறுத்துகின்றன. கஃப் தளர்ந்திருக்கும்போது டெல்டாய்டை மட்டும் பலப்படுத்துவது, எலும்புத் தலை மேல்நோக்கி நகர்ந்து உராய்வதற்கே உதவும்.

இந்த நான்கில் அடிக்கடி அறுவது சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநாண். அதைத் தைத்துச் சரிசெய்த நிகழ்வுகளைப் பாஸ்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1911இல் வெளியிட்டார். இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியே ஆர்த்ராஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி, எலும்பில் ஆங்கர் எனும் சிறு முளைகளைப் பதித்து, அவற்றோடு இணைந்த நூல்களால் தசைநாணை எலும்பின்மேல் அழுத்திக் கட்டுகிறார்கள். கருவிகள் எவ்வளவு மாறினாலும், அறுவை மருத்துவரால் செய்ய முடிவது தசைநாணையும் எலும்பையும் ஒன்றோடொன்று தொடவைப்பது மட்டுமே. ஒட்டவைக்கும் வேலை உடலுடையது.

அந்த வேலை மெதுவாகவே நடக்கிறது. இயற்கையான தோளில், தசைநாண் நேரடியாக எலும்பில் போய் முட்டுவதில்லை. தசைநாண், நார்க்குருத்தெலும்பு, கனிமம் படிந்த நார்க்குருத்தெலும்பு, எலும்பு என நான்கு அடுக்குகளாக அது சிறிது சிறிதாகக் கடினமாகிச் செல்கிறது. இழுவிசை ஒரே இடத்தில் குவியாமல் பரவுவதற்கு இந்தப் படிநிலை மாற்றமே காரணம். தைத்த பிறகு உடல் இந்த நான்கடுக்கு அமைப்பை மீண்டும் கட்டுவதில்லை. அதற்குப் பதிலாகத் தழும்புத் திசுவை நிரப்புகிறது. முதல் வாரத்தில் அழற்சி. அடுத்த சில வாரங்களில் ஒழுங்கின்றித் தாறுமாறாகப் படியும், வலுக்குறைந்த மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். பிறகு பல மாதங்களில், ஓராண்டையும் தாண்டி, அது உறுதியான முதல் வகைக் கொலாஜனாக மாறி, இழுவிசையின் திசையில் வரிசைப்படுகிறது. முதல் சில வாரங்களில் தோளைத் தாங்கி நிற்பது தசைநாணின் பலமன்று, நூலின் பலம். மீண்டும் அறுந்துபோகும் தோள்களில் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே அறுகின்றன என்பதில் வியப்பில்லை. கிழிசல் பெரிதாக இருந்தாலோ, தசைக்குள் கொழுப்புப் படிந்திருந்தாலோ, வயது கூடியிருந்தாலோ, நீரிழிவோ புகைப்பழக்கமோ இருந்தாலோ அந்த அபாயம் மேலும் கூடுகிறது.

வலியோ இந்தக் கணக்கு எதையும் பின்பற்றுவதில்லை. அறுவைக்குப் பிந்தைய வலியின் பெரும்பகுதி அழற்சியிலிருந்தும், மூட்டுறையிலும் அதைச் சுற்றியுள்ள திரவப்பையிலும் இருக்கும் நரம்பு நுனிகளிலிருந்தும் வருகிறது. அழற்சி அடங்கினால் வலியும் அடங்கும். கொலாஜன் எந்த வகையாக மாறியிருக்கிறது, நார்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று மூளைக்குச் சொல்ல எந்த நரம்பும் இல்லை. இதைவிட வினோதமானது, தைத்த தசைநாண் மீண்டும் அறுந்துவிட்டதாக ஸ்கேனில் தெரியும் பலருக்கு வலி குறைவாகவே இருக்கிறது என்பது. எனவே வலியை ஒருபக்கச் சாட்சியாக மட்டுமே கொள்ளவேண்டும்: அது இருந்தால் நிறுத்தவேண்டும், அது இல்லை என்பதாலேயே தூக்கலாம் என்று பொருளில்லை. ஜிம் சுவர்களில் வலியைப் போற்றித் தொங்கும் வாசகங்கள் இந்த விஷயத்தில் இருமடங்கு தவறானவை.

இரண்டு கிலோ டம்பெல் ஒரு பெரிய சுமையா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில்தான் எழுகிறது. விடை, அது எங்கே பிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஒருவரது உடல் எடை 70 கிலோ என்றால், அவரது ஒரு கையின் எடை அதில் ஏறத்தாழ 5 விழுக்காடு, அதாவது 3.5 கிலோ. கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டினால், அந்த எடை தோள்மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது. அதைத் தாங்கும் தசைகளோ மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. தொலைவிலிருந்தே இழுக்கின்றன. ஆகவே வெறுங்கையை நீட்டிப் பிடிப்பதற்கே தசைகள் அனைத்தும் சேர்ந்து சுமார் 35 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தரவேண்டும். இனி 60 செ.மீ. தொலைவில் உள்ளங்கையில் 2 கிலோவைச் சேர்த்தால், அந்த விசை ஏறத்தாழ 75 கிலோவாகிவிடுகிறது. இதில் பெரும்பங்கை டெல்டாய்டு ஏற்றாலும், ஒரு பகுதி தைத்த தசைநாணின் மேல்தான் விழுகிறது. அதே டம்பெல்லை முழங்கையை மடக்கி உடலோடு ஒட்டிப் பிடித்தால் தோளுக்குச் சுமை மிகக் குறைவு. எடையைக் கூட்டுவதற்கு முன்பே தூரத்தைக் கூட்டுவதும் ஒரு சுமையேற்றம்தான் என்பது இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு நன்றாகத் தெரியும். உடற்பயிற்சிக்கூடத்தில் எடையின் எண்ணை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது எளிதில் பிடிபடுவதில்லை.

அப்படியானால் முழுதாக ஆறும்வரை கையை அசைக்காமலே வைத்திருந்தால் என்ன? அதுவும் உதவாது. தசைநாணில் இருக்கும் செல்கள் தம்மேல் விழும் இழுவிசையை உணர்ந்தே கொலாஜனைச் சுரக்கின்றன, வரிசைப்படுத்துகின்றன. எலிகளில் நடத்திய ஆய்வுகளில், தைத்த உடனே ஓடவிட்ட எலிகளைவிட, முன்னங்காலை அசையாமல் கட்டிவைத்த எலிகளுக்கு இணைப்பு நன்றாக அமைந்தது. ஆனால் தசையையே செயலிழக்கச் செய்து சுமையை முற்றிலும் நீக்கியபோது இணைப்பு கெட்டது. சுமை வேண்டும், அளவோடு வேண்டும், காலமறிந்து வேண்டும். மூட்டுறை இறுகித் தோள் விறைத்துவிடும் சிக்கலும் இருக்கிறது. இதனால்தான் முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஸ்லிங்கில் இருக்கும்போதே, சொந்தத் தசையைப் பயன்படுத்தாமல், பிறரின் துணையாலோ மறுகையின் துணையாலோ கையை அசைக்கும் பயிற்சிகளை மருத்துவர் அனுமதிக்கும் அளவில் தொடங்குகிறார்கள்.

இதற்கிடையே தசைகள் மெலிகின்றன. பயன்படுத்தாத தசை ஓரிரு வாரங்களிலேயே வலுவிழக்கத் தொடங்கும். அதில் ஒரு பகுதி தசையின் பருமன் குறைவதால் வருவது, மற்றொரு பகுதி நரம்புமண்டலம் தசைக்கு அனுப்பும் கட்டளை தளர்வதால் வருவது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. ஒரு கைக்குப் பயிற்சி தந்தால் மறுகைக்கும் ஓரளவு பலம் சேர்கிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஸ்கிரிப்சரும் அவரது குழுவினரும் 1894இலேயே பதிவுசெய்தார்கள். நரம்புமண்டலத்தின் வழியே நடக்கும் இந்தக் கடத்தலைப் பயன்படுத்தி, ஸ்லிங்கில் இருக்கும் காலத்தில் நல்ல கைக்கும் கால்களுக்கும் பயிற்சியைத் தொடர்வது பயனுள்ளது. ஸ்லிங் கட்டிய கையால் இறுக்கிப் பிடிக்கவேண்டியிராத லெக் பிரஸ் போன்ற இயந்திரங்கள் அதற்கு ஏற்றவை. முதுகின்மேல் பார்பெல்லை வைத்துச் செய்யும் ஸ்குவாட், தோளை வெளிப்பக்கமாகத் திருப்பக் கட்டாயப்படுத்துவதால் ஏற்றதன்று.

முன்பு பயிற்சி செய்தவரின் தசை, புதியவரின் தசையைவிட வேகமாகத் திரும்பிவிடுகிறது. பயிற்சியின்போது தசை நாரில் கூடுதலாகச் சேர்ந்த உட்கருக்கள், தசை மெலிந்த பிறகும் நிலைத்திருப்பதை ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் காட்டினார்கள்; மனிதரில் அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில்தான் உள்ளது. காரணம் எதுவாயினும், பழைய பயிற்சியாளருக்கு இது இருமுனைக் கத்தி. அவரது டெல்டாய்டும் மார்புத் தசையும் சில வாரங்களில் மீண்டுவிடும். குறைந்த இரத்த ஓட்டமும் மந்தமான வளர்சிதை மாற்றமும் கொண்ட தசைநாண் மாதக்கணக்கில் பின்தங்கியிருக்கும். இழுக்கும் தசை, இழுபடும் இணைப்பைவிட முன்னதாகவே பலம் பெற்றுவிடுகிறது.

ஆகவே படிகள் மெல்ல ஏறுகின்றன. கிழிசல் நடுத்தரமானதாகவும் திசு நல்ல நிலையிலும் இருந்தால், ஆறாவது வாரம் அளவில் கையைச் சொந்தப் பலத்தில் அசைக்கத் தொடங்கி, முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து அசைவின்றிச் சுவரை மெல்ல அழுத்தும் பயிற்சிகள் வரும். எதிர்ப்பு விசையுடன் கூடிய பயிற்சி பொதுவாகப் பன்னிரண்டாவது வாரத்துக்குப் பின்தான். அப்போதும் முதலில் வருவது ரப்பர் பட்டை. விலாவுக்கும் முழங்கைக்கும் இடையே மடித்த துண்டை வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் அந்த எளிய பயிற்சியைப் பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எலும்புத் தலையைக் குழியில் நிறுத்தும் தசைகளுக்கு அதுவே முதல் உணவு. என் மதிப்பீட்டில் மொத்த மீட்சியிலும் அதைவிடப் பயன்மிக்க பயிற்சி அரிது.

கண்ணாடி முன் கையை உயர்த்தும்போது ஒன்றைக் கவனிக்கலாம். தலைக்கு மேலே கை செல்லும் 180 பாகையில் ஏறத்தாழ 120 பாகை மூட்டிலிருந்தும் 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதிலிருந்தும் வருகின்றன. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகியோர் 1944இல் விவரித்தார்கள். கஃப் இன்னும் தயாராகாதபோது, கை உயரத் தொடங்கும் முன்பே தோள் காதை நோக்கி ஏறிவிடும். அந்த அசைவு தெரியும் உயரத்தில் எடையைச் சேர்ப்பதற்கான காலம் வரவில்லை என்று கொள்ளலாம். பயிற்சிக்குப் பின் எழும் மெல்லிய வலி மறுநாளும் நீடித்தாலோ, இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலோ, முந்தைய படிக்கு இறங்குவதே முறை.

படிப்படியாகச் சுமையைக் கூட்டும் முறையை மறுவாழ்வு சிகிச்சையில் நிலைநாட்டியவர், 1940களில் காயமடைந்த படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம். அவரது கொள்கை இன்றும் செல்லும்; தோளில் அதற்கு உச்சவரம்பு வைப்பது தசையின் திறன் அன்று, தசைநாணின் வயது என்பதுதான் வேறுபாடு.

கனமான எடைகளுக்குத் திரும்புவது பொதுவாக ஆறு மாதங்களுக்குப் பிறகு. பெரிய கிழிசல்களில் இன்னும் தாமதமாகும். இழுக்கும் பயிற்சிகளில் முழங்கை உடலுக்கு அருகில் நகரும் ரோயிங் முதலில் வரும். தள்ளும் பயிற்சிகளில், தரையில் படுத்துச் செய்யும் பிரஸ் நல்ல தொடக்கம். முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடுவதால் தோளின் முன்பக்கம் அளவுக்கு மீறி விரிவதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரும்போது பிடி சற்றுக் குறுகலாகவும், முழங்கைகள் பக்கவாட்டில் முழுதாக விரியாமலும் இருக்கவேண்டும். தலைக்கு மேல் தூக்குவது கடைசிப் படி.

அறுவை எது என்பதைப் பொறுத்து இந்த வரிசையே மாறும். தோள் நழுவியதால் முன்பக்க லேப்ரத்தைத் தைத்தவருக்கு, கையைப் பக்கவாட்டில் உயர்த்திப் பின்னோக்கித் திருப்பும் நிலையே எதிரி. இணைக் கம்பிகளில் உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸ், அகலப் பிடி பெஞ்ச் பிரஸ் ஆகியவை அவருக்கு நெடுநாள் விலக்கு. பைசெப்ஸ் தசைநாண் பதியும் மேற்பகுதி லேப்ரத்தைத் தைத்தவர், தோளுக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றும் பைசெப்ஸ் கர்லைக்கூடத் தள்ளிப்போடவேண்டும். ஆகவே நண்பரின் அட்டவணையைக் கடன் வாங்குவதைவிட, எந்தத் தசைநாண், எவ்வளவு பெரிய கிழிசல், திசுவின் தரம் எப்படி, பைசெப்ஸைத் தொட்டார்களா என்று தன் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்கி இயன்முறை சிகிச்சையாளரிடம் காட்டுவது நல்லது. பார்பெல்லைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ், புல்-டவுன் ஆகியவற்றை மட்டும், எந்த அறுவையாக இருந்தாலும், பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். முன்பக்கமாகச் செய்தாலும் அதே தசைகள் வேலை செய்கின்றன.