எண்பது வயதில் ஏறக்குறைய எல்லாருக்கும் தேய்மானம். வலி சிலருக்கு மட்டும் ஏன்?

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு வரும் நம் வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "எலும்பு தேஞ்சு போச்சாம்." அத்தோடு தீர்ப்பு வந்துவிட்டதாக நினைத்து நடையையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஆனால் படத்தில் தெரியும் தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பு வட்டு (டிஸ்க்) தேய்ந்திருந்தது. 80 வயதினரில் 96 விழுக்காடு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது!

கீழ்முதுகில் 5 எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் இருக்கும் வட்டின் நடுவில் நீர் மிகுந்த கூழ்; சுற்றிலும் வெங்காயம் போல அடுக்கடுக்காக நார்ப்படலம். வளர்ந்தவர்களின் வட்டுக்குள் ரத்தக்குழாய் அனேகமாக இல்லை. மேலும் கீழும் உள்ள எலும்பின் ரத்தத்திலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. சிகரெட் அந்த ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. நுரையீரலோடு முதுகையும் அது கெடுப்பது இப்படித்தான். வயதாக ஆகக் கூழ் நீரை இழக்கிறது, வட்டு மெலிகிறது, அதுவரை அது தாங்கிய பாரம் பின்பக்கத்துச் சிறு மூட்டுகள் மேல் விழுகிறது.

2020ல் உலகம் முழுவதும் சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக ஓர் உலகளாவிய கணக்கு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். 85 வயதை ஒட்டி உச்சம். மாற்றக்கூடிய காரணங்களாக அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டவை மூன்று: உடலை வருத்தும் வேலை, புகைப்பழக்கம், கூடுதல் எடை. துறைமுகத்திலும் கப்பல் பட்டறையிலும் பாரம் தூக்கிய தலைமுறைக்கு முதலாவதை விளக்கவே வேண்டாம். படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைத் தினமும் தூக்கி உட்காரவைக்கும் 70 வயது மனைவி செய்வதும் அதே வேலைதான். அதற்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, ஒல்லியாக இருந்தால் தப்பித்தோமா? அதுவும் இல்லை. மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கென்று ஓர் எளிய கணக்கு இங்கே புழக்கத்தில் இருக்கிறது: வயதிலிருந்து எடையைக் கிலோவில் கழிக்க வேண்டும். 72 வயது, 48 கிலோ என்றால் விடை 24. இருபதைத் தாண்டினால் எலும்பு வலுவிழந்திருக்கும் வாய்ப்பு அதிகம். எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நல்லது. அப்படி மெலிந்த முதுகெலும்பு உடைவதற்கு, கீழே விழவேண்டும் என்றுகூட இல்லை. அரிசிப் பையைக் குனிந்து தூக்கினாலே நொறுங்கலாம். பலர் அதைச் சாதாரண பிடிப்பு என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒருநாள் உயரம் குறைந்தும் கூன் விழுந்தும் போனது தெரியவரும். நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரையும் எலும்பைக் கரைக்கும். மூட்டுவலிக்கென்று விற்கப்படும் சில 'மூலிகை' மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது டப்பாவை நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகை வலியைப் பேரங்காடியில் கண்டுபிடிக்கலாம். புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை நடந்தாலே கால் கனத்து, இழுத்து, உட்கார இடம் தேடுபவர், உள்ளே டிராலியைப் பிடித்துக்கொண்டால் சிரமமில்லாமல் சுற்றிவருவார். முதுகெலும்புக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் சுருங்கியிருப்பதன் அடையாளம் இது. நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும், முன்னால் சாய்ந்தால் சற்று விரியும்.

அப்புறம் மனம். மனச்சோர்வும் தூக்கமின்மையும் உள்ளவர்களுக்கு வலி நீடிக்கும் வாய்ப்பு அதிகம். "அசைந்தால் இன்னும் கெட்டுவிடும்" என்ற பயமும் அப்படித்தான். அசையாமல் இருந்தால் தசை இளைக்கும். இளைத்த தசையால் முதுகைத் தாங்க முடியாது. வலி விட்டுப்போனவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2024ல் வெளியானது. சும்மா விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளுக்குள் அன்றாட வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்பியது. படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு அது 208 நாள். அவர்களின் சராசரி வயது 54 என்பதால் 80 வயதுக்காரருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான். ஆனாலும் பூங்கா இணைப்புப் பாதையில் நடக்கக் காசு செலவில்லை.

எல்லா வலிக்கும் நடையோ கோடாலித் தைலமோ போதாது. விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கால்கள் திடீரென்று பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, சிறுநீர் தன்னையறியாமல் போனாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், நடுராத்திரி ஆனாலும். நசுங்கிய நரம்பை விடுவிப்பது எவ்வளவு தாமதமாகிறதோ, அது மீளும் வாய்ப்பும் அவ்வளவு குறையும்.